நிழலிக்கு விழத் தெரியாது

ஆட்டத்தை நிறுத்தி வைத்த பிறகும் நிழலி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினால் எல்லாம் நிற்க வேண்டும். திரையின் பின்னணியில் பெய்த மழை அந்தரத்தில் நின்றுவிட்டது. உதைக்கக் காலைத் தூக்கிய மல்லன் தூக்கிய காலோடு உறைந்துவிட்டான். நடுவில் இவளுக்கு மட்டும், ஈர முடி முகத்தை மூடியிருக்க, தோள் மெல்ல ஏறியது, ஒரு கணம் தங்கியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திரைக்கு முன்னால் இருந்த அவன் நிறுத்தும் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தான். பயம் வந்திருக்க வேண்டிய இடம்தான் அது, வரவில்லை. மனைவி இறந்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே நேரத்துக்கு வருவதில்லை. பசி, தூக்கம், அழுகை எல்லாம் வழி தெரியாமல் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டன.

"உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு," ஹெட்செட்டில் பொத்தான் என்கிற பையன் சொன்னான். "எனக்கு இங்க நிக்குதே."

பொத்தானை அவன் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். அது ஒரு பழைய சண்டை விளையாட்டு. செய்த நிறுவனம் எப்போதோ கைகழுவிவிட்டது, ரசிகர்கள் விடவில்லை. புதுப்புது ஆட்களைத் தாங்களே உருவாக்கி அதில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பொத்தான் அதற்கு நிரல் எழுதுவான், பொத்தான் தேயத் தேய அழுத்திச் சோதிப்பான். பெயர் வந்தது அப்படித்தான். படம் வரைவது ஹெட்செட்டின் இந்தப் பக்கம் இருந்த அவன். பிஸ்கட் விளம்பரத்துக்குத் துள்ளிக் குதிக்கும் கரடி வரைவது அவன் பிழைப்பு. வீட்டுக்கு வந்ததும் பேய் வரைவான், நிழலி அப்படி வரைந்த பேய்தான். கரடியை விடப் பேய் சொன்னபடி கேட்கும் என்று ஒரு காலத்தில் மனைவியிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

வெறும் கற்பனையை வைத்து ஓர் உடம்பை அசைக்க முடியாது. யாராவது செய்வதை வீடியோ எடுத்து, துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் கோடு இழுக்க வேண்டும். அவன் போனில் இருந்ததெல்லாம் மனைவிதான். கார் சீட்டில் சாய்ந்து அவள் தூங்கியது நிழலியின் மூச்சானது. தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறியது கூந்தல் வீச்சானது. துணி வாளியின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக நடந்து வந்தது நிழலியின் நடையானது. மகளைப் பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்து அவள் தூக்கியது நிழலியின் பிடியானது. இதைப் பொத்தானிடம் அவன் சொல்லவில்லை. கைவசம் இருந்தது அதுதான். கோடு இழுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை, கரடி வரைவது போலத்தான் இருந்தது.

"மூச்சு கெடக்கட்டும்ணா. பெரிய கோளாறு ரெண்டு இருக்கு," என்றான் பொத்தான். "ஒண்ணு, பிடி. தூக்குறா, சரி. எறக்குறது எங்க? புடிச்சவன அப்படியே தொங்கவிட்டுட்டு நிக்கிறா. எவ்வளவு அடிச்சாலும் விட மாட்டேங்குறா."

அந்த வீடியோ அத்தோடு முடிந்துவிட்டிருந்தது. தூக்கியபோது மகள் காலை உதைத்ததில் போன் கீழே விழுந்துவிட்டது.

"இன்னொண்ணு?"

"விழுற படமே நீங்க தரலையே. திரை மேல இருக்குற உயிர்க்கோடு சுத்தமா காலியாகுது, இவ பாட்டுக்கு நிக்கிறா. இவ விழுந்தாத்தான் புடிச்ச கை விடும், சுத்தும் முடியும். சாகவே மாட்டேங்குறாண்ணா உங்க ஆளு!" பொத்தான் சிரித்தான்.

"பேய்தானே. எதுக்கு விழணும்?"

"பேயா இருந்தா? ஆட்டம்னா யாராவது ஒருத்தர் விழணும்ல. அதுவும் மூணு சுத்துல ரெண்டு தடவ விழணும், அப்பதான் தோத்த கணக்கு."

"பாக்குறேன்," என்று ஹெட்செட்டைக் கழற்றினான்.

விழுவதற்கு வீடியோ கிடையாது. ஆனால் அவன் பார்த்திருக்கிறான். ஒரு சாதாரணக் காலை, சமையலறை, அடுப்பு மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவள் விழுந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

ஹாலில் மகள் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி. இந்தச் சில மாதங்களில் உருண்டை கரைந்து பேர் மட்டும் மிஞ்சியிருந்தது. முன்பெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் எதிரே போய் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். தூக்கு என்று அர்த்தம். அம்மா போன பிறகு அவள் அவனைப் பார்த்துக் கை தூக்கியதே இல்லை. அவனும் குனிந்ததில்லை. குளிப்பாட்டினான், ஊட்டினான், பள்ளியில் கொண்டுபோய் விட்டான். தூக்கிக்கொள்ள மட்டும் கை எழவில்லை.

"அப்பா, கக்கத்துல வலிக்குது."

சட்டையைக் கழற்றிப் பார்த்தான். இரண்டு பக்கமும் வரிவரியாகச் சிவந்து கிடந்தது.

"ஸ்கூல்ல ஊஞ்சல் ஆடினியா?"

பட்டாணி யோசித்தாள். "ஊஞ்சல் இல்லப்பா. ஒசரம்."

பவுடர் போட்டுவிட்டு, மறுபடி வரையும் மேசைக்குப் போய்விட்டான். அறையில் காயாத துணியின் வாசனை அடித்தது. ஜன்னலைத் திறந்தான், வெளியே நல்ல வெயில்.

மறுநாள் சாயங்காலம் மனைவியின் அக்கா வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் வீடு. வாரத்துக்கு ஒரு தடவை வந்து குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் போவாள். குளியலறையிலிருந்து அவள் கூப்பிட்ட விதத்திலேயே அவன் எழுந்து போனான்.

"தம்பி, இது என்ன?"

"தெரியலக்கா."

"என்னப்பா தெரியல? பிள்ளை ஒடம்புல விரல் பதிஞ்சு கெடக்கு. ஒங்கையக் குடு."

அவன் கையை இழுத்து அந்தத் தடத்தின் மேல் விரித்து வைத்துப் பார்த்தாள். அவன் விரல் தடிமனாக வெளியே நின்றது. அதை விட்டுவிட்டுத் தன் கையை வைத்தாள், அதுவும் நீளம். தங்கையின் கை இவள் கையை விடச் சின்னது. ஒரே அளவு வளையல் இருவருக்கும் சேராது என்று சண்டை போடுவார்கள். வாளியில் குழாய்த் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அக்கா அதை மூடவில்லை.

"நீ அடிக்கிற ஆளு இல்லைன்னு எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு," என்றாள் மெதுவாக. "டாக்டர்ட்ட காட்டிட்டு அப்படியே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே எங்கிட்டயே இருக்கட்டும். நீ இருக்குற நெலமையில ஒன்னால முடியாது. போய்க் காரை எடுத்துட்டு வந்துர்றேன். துணியெல்லாம் எடுத்து வை. அவளை விட்டு நகராத, என்ன?"

"சரிக்கா."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். இருந்த ஒரே பிள்ளையைக் கொடு என்கிறார்கள், கடையில் மிச்சச் சில்லறை கேட்ட மாதிரி சரி என்கிறான். தன் மேலேயே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவும் தூரத்தில் யாருக்கோ நடக்கும் ஆச்சரியம்.

அக்கா படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. பட்டாணி கட்டைகளோடு உட்கார்ந்தாள். துணி வைக்கும் பை, அவன் வரையும் அறையில் அலமாரிக்கு மேல் இருந்தது. எடுக்கப் போனவன் திரையைப் பார்த்தான்.

நேற்று நிறுத்தியபடியே இருந்தது ஆட்டம். மழை அந்தரத்தில் நின்றது. மல்லனின் கால் தூக்கியபடி நின்றது. மல்லனுக்கு எதிரே ஒருவரும் இல்லை.

அவன் பையைக் கையில் பிடித்தபடி நின்றான். ஈரத்துணி வாசனை வந்தது, இந்த முறை அதற்குள் சோப்பின் வாசனையும் ஈர முடியின் வாசனையும் பிரித்தறியும்படி இருந்தன. சமையலறைப் பக்கம் ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் அடியில் இருந்த சத்தம் கேட்டது. காலடி. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. வாளிக் கனத்தோடு யாரோ சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருகிறார்கள். அழுத்தம். லேசு. அழுத்தம். லேசு. அந்த நடை அவனுக்கு மனப்பாடம், ஒவ்வொரு துண்டாக நிறுத்தி வரைந்தவன் அவன்தான்.

கட்டைகள் சரிந்தன.

அவன் ஓடினான்.

பட்டாணியின் கால் தரையில் இல்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்திருந்தது. பின்னால் யாரும் இல்லை, வெறும் சுவர். சட்டை கக்கத்தில் சுருண்டு ஏறியிருந்தது. துணிக்குள் பள்ளங்கள், விரல் விரலாக. குழந்தை அந்தரத்தில் மெல்ல ஏறி, ஒரு கணம் தங்கி, இறங்கி, மறுபடி ஏறினாள். யாரோ அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடுகிறார்கள்.

"அப்பா... இறுக்குது."

இடுப்பைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. முன்கையில் ஈரமுடி உரசியது. பட்டாணியின் உதடு வெளுத்தது. நீலம் பாய்ந்தது.

அப்போதுதான் வந்தது. இத்தனை மாதம் எங்கோ சுற்றிக்கொண்டிருந்த பயம் மொத்தமும் ஒரே அடியாக வந்து இறங்கியது. பட்டாணி வேண்டும். இவள் மட்டும் வேண்டும். தொண்டை கிழியக் கத்தினான். "விடுடி! அவ நம்ம கொழந்தைடி!"

கை விடவில்லை. இறக்குவதற்கு அவன் படம் வரையவில்லை.

இவ விழுந்தாத்தான் புடிச்ச கை விடும்.

மேசைக்கு ஓடினான். பேனாவை எடுத்தான். வரைந்தான்.

அன்று காலை. முதலில் இடது முழங்கால் மடங்கியது. வரைந்தான். தோள் சரிந்தது. வரைந்தான். வலது கை ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தேடியது, விரல் பட்டது, பிடி கிடைக்கவில்லை. கண்ணீர் வரையும் பலகையில் விழுந்தது, புறங்கையால் துடைத்துவிட்டு வரைந்தான். ஹாலில் பட்டாணியின் மூச்சிழுப்பு கேட்டது. சின்ன இழுப்பு. இன்னும் சின்னது. அதற்குப் பிறகு முகம். நிழலிக்கு இதுவரை அவன் முகம் போட்டதே இல்லை. விழும்போது முடி விலகும், முகம் தெரிந்துதான் ஆக வேண்டும். அவள் அவனைத்தான் பார்த்தாள். பயப்படவில்லை. ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவள் மாதிரி பார்த்தாள். அந்தக் கண்ணை வரைந்தான். தரையை வரைந்தான்.

படங்களைக் கோத்தான். ஓடவிட்டான்.

ஹாலில் முழங்கால் தரையில் மோதியது. விரல் நகம் எங்கோ உலோகத்தில் கீச்சிட்டது. பிறகு தலை. அதே சத்தம். அன்று கேட்ட அதே சத்தம்.

அதற்கு மேல் ஒரு சின்ன உடம்பு பொத்தென்று விழுந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அழுகை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தெருவுக்கே கேட்கும்படி, நல்ல அழுகை.

அவனும் அழுதான். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஹாலுக்கு வந்தான். பட்டாணி நடு ஹாலில் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. கீழே தெருவில் அக்காவின் கார் ஹாரன் அடித்தது. "ஒண்ணுமில்லடா கண்ணு, அப்பா வந்துட்டேன்," என்று முட்டி போட்டு உட்கார்ந்தான். பட்டாணி அவனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

குனிந்து கையை நீட்டினான்.

அறைக்குள் திரையிலிருந்து மணி ஒலித்தது. ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் ஒலிக்கும் மணி. ஆட்ட அறிவிப்பாளரின் கனத்த குரல் உற்சாகமாகச் சொன்னது, "இரண்டாம் சுற்று!"

மழை பெய்யத் தொடங்கும் சத்தம் கேட்டது.

அவன் விரல்கள் இன்னும் அவளைத் தொடவில்லை. பட்டாணியின் சட்டை கக்கத்தில் மெல்லச் சுருங்கியது. துணியில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் தலைக்கு மேலே, ஈரமுடி விலகி, அவன் இப்போதுதான் வரைந்து முடித்த முகம் அவனையே பார்த்தது.

பட்டாணியின் கால் தரையை விட்டு எழும்பியது. இரண்டு கையும் அவன் பக்கமே நீண்டிருந்தன. குழந்தை மெல்ல ஏறினாள், ஒரு கணம் தங்கினாள், இறங்கினாள்.