நவமணி பெயருக்கு வந்த பார்சல்

காலையில் தொளதொளவென்று கிடந்த டீ-சட்டையின் இடது கை, மத்தியானத்துக்குள் ரூபனின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. நவமணி கத்தரிக்கோலால் துணியை வெட்டி விலக்கினாள். விடுபட்டதும் அந்தத் தோள் மூச்சு விட்டதுபோல மெல்ல உப்பி மேலே வந்தது. வலது தோள் மட்டும் எலும்பு துருத்திக்கொண்டு, அவள் குளிப்பாட்டி வளர்த்த தம்பியின் தோளாகவே இருந்தது.

ஈப்போவை அடுத்த லகாட் ஊருக்கு அப்பால், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் இடிக்காமல் விட்ட லயத்து வீட்டு வரிசையில், ஆள் குடியிருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அறைக்குள் ஒரு வாடை சுற்றியது. ரப்பர் பால் வாளியில் நாள்பட்டுப் புளித்த வாடை. முன்பு அது செத்துப்போன அம்மாவின் வேலைச் சட்டையில் இருந்தது. இப்போது அது ரூபன் ஊசி குத்திக்கொண்ட இடத்திலிருந்து வந்தது.

ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ரூபன் ஜாகாவாக, காவலுக்கு நின்றான். குடித்துவிட்டு வந்தவர்கள் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போவார்கள். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நீ ஜாகாவா?" என்று முதலாளியே சிரித்த அன்றுதான் அவன் இணையத்தில் உடம்பை ஏற்றும் ஊசி மருந்தைத் தேடினான். முதலில் வந்த புட்டியில் வெறும் தேங்காயெண்ணெய் இருந்தது. பிறகு ஒருவன், சுங்கத்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, போனில் அழைத்தான். பார்சல் பிடிபட்டுவிட்டது, பணம் கட்டாவிட்டால் உள்ளே போக வேண்டியதுதான் என்றான். நவமணியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அதன் பிறகு அந்த எண் உயிரோடு இல்லை. போலீஸிலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் சீட்டில்லாமல் அந்த மருந்தை வாங்கியதே குற்றம்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, யாரும் கேட்காமலேயே இன்னொரு பார்சல் வந்தது.

"ஏமாத்துனவனுக்கு மனசு கேக்கல போலக்கா," என்று ரூபன் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டான். அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டான். அந்த ஊசியை எடுத்துக் குப்பையில் போடும்போது அது நவமணியின் விரலிலும் குத்தியது.

நேற்று தோள் சிவந்து காய்ச்சல் கண்டபோதே அவள் சொன்னாள்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேணாம்லா அக்கா. என்னா ஊசின்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "பார்சலு ஒம் பேர்லதான் வந்திச்சு. நான் வேலைல இருப்பேன்னு ஒம் பேரத்தான் குடுத்தேன். கேஸாச்சுன்னா ஒன்னத்தான் புடிப்பானுங்க."

அவள் கையில் எடுத்த போனைக் கீழே வைத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். தம்பிக்காக வைத்தாளா, தனக்காக வைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்று அழைத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, வழியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து ஈரத்துணியை அவன் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே, சாய்த்த புட்டியில் எண்ணெய் இறங்குவதுபோல ஒரு களுக் சத்தம் கேட்டது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தாள். ஒழுகவில்லை. சத்தம் தோளுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா."

"சொல்லுடா."

"கை பெருசாயிருக்கா?"

"பெருசாத்தான்டா இருக்கு."

"இப்ப ஜாகா மாரி இருக்கேன்ல?"

"இருக்கடா கண்ணு. எவனும் ஒன்னத் தள்ள முடியாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு பாதியில் நின்றது.

நெஞ்சில் காது வைத்தாள். மழை. மறுபடி வைத்தாள். மழை மட்டும்தான். அவள் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நேற்றே, நேற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் குளிர்ந்துபோன அந்த முகத்தைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைக்கப் போனாள்.

வலது கை சில்லென்றிருந்தது.

இடது கை கொதித்தது.

தோளில் ஒரு மேடு எழுந்தது. நகர்ந்தது. முட்டை அளவில் ஏதோ ஒன்று, தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, முழங்கை வரை வந்து நின்றது. வழி தேடுவதுபோல நின்றது. பிறகு மணிக்கட்டுக்கு இறங்கியது. நவமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தம்பியின் கை அது. அந்த நினைப்பு கலைவதற்குள் அவன் விரல்கள் அவள் கையைப் பற்றி மூடிக்கொண்டன.

இறுக்கமாக.

"ரூபா?"

முகம் அசையவில்லை. கண் திறக்கவில்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம், மழையில் கரைந்து கரைந்து, நெருங்கி வந்தது. அவள் மறு கையால் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

உள்ளங்கையோடு உள்ளங்கை. அவன் தோலுக்கடியிலிருந்து அது தட்டியது. ஒரு முறை. நின்றது. மறுபடியும்.

அவளுடைய தோளுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பதிலுக்குத் தட்டியது.