ஜனாஸாவில் போன பீடப் பலகை

"ஐயோ... பீடப் பலகையைக் காணல்ல!"

புனித லூசியா கோயிலுக்குள் பங்குச் சபைத் தலைவர் மரியதாஸ் போட்ட அலறலில் கூரைப் புறாக்கள் சிதறின.

பலிபீடத்துக்குப் பின்னால் நூறு வருடம் தாண்டி நின்ற முதிரை மரப் பலகை மாயம்! திராட்சைக் கொடியும் தேவதூதரும் செதுக்கிய ஆளுயரப் பலகை... வெறும் சுவர்தான் பல்லிளித்தது!

அதை உடைத்துவிட்டுக் கிரானைட் பதிக்க வந்த கொந்தராத்துக்காரன் றிஸ்மியின் கொலர் இன்ஸ்பெக்டர் ஸைனுலாப்தீனின் கையில்!

"கொழும்புல எவனுக்குடா வித்தாய்?"

"அல்லாஹ்வே! உடைக்கப் போறதை நான் எதுக்கு சேர் களவெடுக்கணும்?"

"உடைச்சா விறகு. வித்தா பங்களா! லுஹர் தொழுகைக்கு முந்திப் பலகை வரல்லாட்டி நீ உள்ளுக்கு!"

 அடுத்த மாதம் றிஸ்மியின் தங்கைக்கு நிக்காஹ். கள்ளன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

மூளையைக் கசக்கினான்.

"சேர்... காலையில இந்த ரோட்டால என்ன போச்சு?"

"நானேதான் சந்தியில நிண்டன். ஒரு லொறி கூடப் போகல்ல. ஒரு ஜனாஸா ஊர்வலம் மட்டும் போச்சு."

"யார்ட மௌத்து?"

"தெரியாது. தூக்கினவங்க முகத்தைத் துவாயால மூடி ஒரே அழுகை."

"எந்தப் பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க?"



இந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டில் அழுகை அடங்குமுன் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லிவிடும். அன்று காலை ஒரு பள்ளியும் வாய் திறக்கவில்லை!

"மௌத்தே இல்லாம சந்தூக்குப் பெட்டியா? எங்கால போச்சு சேர்?"

"முகைதீன்பாவா ஹாஜியார்ட நெல்லு மில் பக்கம்..."

ஜீப் பறந்தது!

நெல் மூட்டைகளுக்கு நடுவே சந்தூக்கு. றிஸ்மி பச்சைப் போர்வையை இழுத்தான். உள்ளே தேவதூதர்!

பக்கத்தில் ஹாஜியாரோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஆள்... தலையில் தொப்பி, இடுப்பில் சாரன்... பங்குத்தந்தை எமிலியானுஸ்!

"ஃபாதர்... நீங்களா?!"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? இப்படி ஒரு வேலைப்பாடு இந்தக் கரையிலயே இல்ல. மரியதாசுக்குக் கிரானைட் வேணுமாம்! நான் என்ன, குளியலறையில நிண்டா பூசை வைக்கிற? தொல்பொருள் ஆக்கள் திங்கக்கிழமை வந்து பதிஞ்சா, பிறகு ஒருத்தனும் கை வைக்க ஏலாது."

"சந்தூக்கு குடுத்த நான்தான்," என்றார் ஹாஜியார், கூச்சமே இல்லாமல். "ஜனாஸாவை எவன் மறிப்பான்?"

"அதுக்கு என்னைக் கள்ளனாக்கினீங்களே!" றிஸ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கச்சிர கலியாணம் நிண்டிருக்குமே ஃபாதர்!"

"பிழைதான் மனே. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வந்து கதைக்கிறன்."

"கோர்ட்டில வந்து கதைங்க!" இன்ஸ்பெக்டர் விலங்கை உருவினார். "சந்தூக்கைத் தூக்கின ஆக்கள் எல்லாரையும் அள்ளுறன்! யார் யாரு?"

"நான், மணியடிக்கிற ஆள், மில் வேலைக்காரன். மூணு பேர்தான். ஒரு மூலை சரிஞ்சுது..."

"பிறகு?"

"சந்தியில ஒரு புண்ணியவான் நன்மை கிடைக்கும் எண்டு ஓடி வந்து தோள் குடுத்தார். காக்கிச் சட்டை..."



விலங்கு மெதுவாகப் பைக்குள் திரும்பிப் போனது. இன்ஸ்பெக்டர் தன் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"அதானே பார்த்தன்... என்ன மையத்து இந்தப் பாரம் எண்டு!"