முகம் விழுந்த குட்டி

வீட்டில் இருந்தவை இரண்டு நாய்கள். குறட்டை மூன்று கேட்டது.

குட்டியக்கா பிழிந்த துணியும் கையுமாகக் கூடத்தின் நடுவில் நின்று மறுபடி காது கொடுத்தாள். மழை வருவது போல் வந்து, வராமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்த சாயங்காலம் அது. சன்னல் திரை இலேசாகக்கூட அசையவில்லை. ஏசி அறைக்குள் ஜமீனும் மகாராணியும் படுத்திருந்தார்கள். ஜமீனின் குறட்டை ரம்பம் இழுப்பது மாதிரி, நடுவில் ஒரு முடிச்சில் மாட்டி நின்று, பிறகு முழுதாக அறுத்துக்கொண்டு போகும். மகாராணியுடையது மெலிது, முடியும் இடத்தில் ஒரு விசில் வரும். இந்த இரண்டையும் அவள் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவாள். மூன்றாவது சின்னது. சளி கட்டியது போல் ஈரமானது. எடுக்கப் போய், தடுக்கி, சற்று நின்று, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எடுக்கிற மூச்சு.

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று போய் அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். இல்லை. குளியலறைக் குழாயும் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து நிமிர்ந்தபோதுதான் சத்தம் தலைக்கு மேலிருந்து வருகிறது என்று தெரிந்தது. மாடி வீட்டில்தான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியோடு இரண்டடி எடுத்து வைத்த பிறகுதான், மாடி வீடு பூட்டிக் கிடப்பது ஞாபகத்துக்கு வந்தது.

அவளை அந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சப்பை மூஞ்சி நாய்க்குட்டி வேண்டுமென்றால் அவளிடம்தான் போக வேண்டும், அதனால் குட்டியக்கா. மனிதர்களில் மூக்கும் முழியுமாக இருந்தால் அழகு. அவள் தொழிலில் முழி மட்டும் போதும். கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவில் மூக்கு என்று ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் வாங்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். சுவரில் முட்டிக்கொண்டது போல் தட்டையாக இருந்தால், 'முகம் விழுந்திருக்கு' என்று கண் விரிய எடுத்துக் கொஞ்சுவார்கள். முகம் விழுந்திருக்கிறதா என்று சொல்ல அவளுக்கு ஒரு அளவுகோல் உண்டு. குட்டி பிறந்து துடைத்த கையோடு, நெற்றியிலிருந்து உதடு வரை தன் வலது கட்டைவிரலைப் படுக்க வைப்பாள். எப்போதோ காய் நறுக்கும்போது அந்த விரலில் ஆழமாகப் பட்ட வெட்டு ஒன்று சாய்வான தழும்பாக நின்றுவிட்டது. தழும்பு மூக்கில் இடறினால் சுமார். இடறாமல் படிந்தால் முதல் தரம். ஒவ்வொரு ஈற்றிலும் அவள் மனது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் உள்ளே போகட்டும் என்று கேட்டது.

ஜமீன் அப்படிப் படிந்தவன். அலமாரியில் நிற்கிற கோப்பை அவன் வாங்கிக் கொடுத்தது. அவனுடைய முகம் வேறு எங்கும் கலைந்துவிடக் கூடாது என்றுதான் அவனையும் அவன் மகள் மகாராணியையும் அவள் ஜோடி சேர்த்தாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய சொந்த மகள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

போன ஈற்றில் மகாராணியை வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. தையலைப் போட்டுக்கொண்டே கால்நடை டாக்டரம்மா சொன்னாள். "முகம் உள்ளே போகுது, சரி. உள்ளே இருக்கிற சதை குறையுதா? அது எங்கே போகும்? தொண்டையைத்தான் அடைக்கும். இவளுக்கு இனிமே குட்டி வேண்டாம் குட்டியக்கா. இந்த வம்சம் தொடரணும்னா நல்லா மூச்சு விடுற, மூக்கு நீண்ட வெளி ஆணோட வேற பெண்ணைச் சேருங்க. கொஞ்சம் அழகு குறைஞ்சா என்ன, அதுங்க ஓடியாடித் திரியுமில்ல?" குட்டியக்கா பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தாள். அதன் பிறகு அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. மகாராணி மறுபடி சினை, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தாள்.

மின்சாரம் போனது அப்போதுதான்.

விசிறி தயங்கித் தயங்கி நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. ஏசி அறையிலிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் நின்றதும், அதற்குள் புதைந்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ரம்பம். விசில். கூரையில் அந்த ஈர மூச்சு, இப்போது முன்னைவிடத் தெளிவாக.

அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியும். கேட்ட மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. மாடியில் குடியிருந்த டீச்சர் தன் மகளுக்காக வாங்கிப் போன குட்டி. மகாராணியின் முதல் ஈற்றிலேயே முகம் நன்றாக விழுந்தது அதற்குத்தான். அந்தச் சிறுமி அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தாள். குட்டியக்காவின் கட்டிலுக்கு நேர் மேலேதான் அது படுக்கும். கூரை வழியாக அந்தக் குறட்டை கேட்கும்போது, நம்ம வீட்டுச் சரக்கு என்று பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

ஒருநாள் சிறுமி மாடிப்படியில் வழி மறித்துக் கேட்டாள். "ஆன்ட்டி, பொத்தான் ஏன் உக்காந்துக்கிட்டே தூங்குறான்? வாயில பந்தைக் கவ்விக்கிட்டுத்தான் தூங்குறான். பந்தை எடுத்தா அழுவுறான்."

"பந்து மேல அவ்வளவு பாசம்டா கண்ணு."

"ரொம்ப குறட்டை விடுறானே?"

"இந்த ஜாதிக்கு அதுதான் அழகு."

பந்து வாயில் இருந்தால் வாய் திறந்திருக்கும், வாய் திறந்திருந்தால்தான் அதற்குக் காற்று போகும் என்று குட்டியக்காவுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். வெயில் தொடங்கியதும் ஒரு மத்தியானம், பந்து விளையாடிக்கொண்டிருந்த இடத்திலேயே பொத்தான் சாய்ந்துவிட்டான். டீச்சர் சண்டைக்கு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. சிறுமிதான் அதற்கப்புறம் படியில் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, வாயாலேயே மூச்சு விட்டபடி இறங்கிப் போவாள். வீட்டைக் காலி செய்யும் வரை அப்படித்தான் போனாள்.

குட்டியக்கா ஏசி அறைக் கதவைத் திறந்தாள். அதற்குள்ளாகவே உள்ளே புழுங்கிப் போயிருந்தது. ஈர ரோமமும் பாலும் டெட்டாலும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. மகாராணி மரப்பெட்டிக்குள் படுக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். தலையை அண்ணாந்து, பெட்டியின் விளிம்பில் மோவாயைத் தூக்கி வைத்து, எங்கிருந்தோ எடுத்து வந்த மரக்கரண்டி ஒன்றைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குட்டியக்கா அதைப் பார்க்காதது போலவே இருந்துவிட்டு, துணியை நனைத்து அவள் வயிற்றில் போட்டாள். அட்டை ஒன்றைக் கிழித்து விசிறினாள். "இதோ வந்துடும், கரண்டு வந்துடும் ராணி" என்றாள். மகாராணியின் விசில் நீண்டுகொண்டே போனது.

மேலே ஏதோ ஒன்று விழுந்தது. இரண்டு முறை துள்ளி, கூரையின் குறுக்கே நிதானமாக உருண்டு போய், சுவரில் முட்டி நின்றது.

ஜமீன் தலையைத் தூக்கி அந்த மூலையைப் பார்த்தான்.

கைபேசி அடித்ததில் குட்டியக்காவுக்கு உயிரே போய்விட்டு வந்தது. மகள்தான், வேலை பார்க்கிற ஊரிலிருந்து.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கரண்டு இல்லடி. ஒரே புழுக்கம்."

"மகாராணி எப்படி இருக்கா?"

"இருக்கா."

"அம்மா, அவளை டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போயிடும்மா. ரெண்டு தெருதானே?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? வேண்டாம்னு அவ்வளவு சொன்னாங்க. அப்பன் யாருன்னு கேட்டா என்னத்தைச் சொல்லுவேன்?"

"உன் முகம் கெடக்குது போ. அவ செத்துடுவாம்மா." மகளுக்கு வேறு ஏதோ காதில் விழுந்தது. "ஆமா, அங்கே எத்தனை நாய் வச்சிருக்கே?"

"ஏன், ரெண்டுதான்."

"விளையாடாதே. பின்னாடி கும்பலா மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

குட்டியக்கா போனை வைத்துவிட்டாள். கேட்டது. அவளுக்கும் கேட்டது. மாடியிலிருந்து அது இறங்கி வந்திருந்தது. ஒன்றாக இல்லை. சுவருக்குள், அலமாரிக்குப் பின்னால், கதவு இடுக்கில், எங்கும் அந்தச் சின்னச் சின்ன ஈர மூச்சு. எடுக்கப் போய், தடுக்கி, யோசித்து. பால் குடிக்கத் தெரியாமல் திணறிச் செத்தவை. துடைத்த துணியிலேயே அடங்கிப் போனவை. அவள் விற்றுவிட்டு, அழைப்பு வராமல் போனில் எண்ணைத் தடை செய்துவைத்த வீடுகளில் இருந்தவை. ஒவ்வொன்றையும் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. அதுதான் கொடுமை, ஒன்றைக்கூட அவள் மறந்திருக்கவில்லை.

இப்போதே தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவளும் எழுந்து கதவு வரை போனாள். டாக்டரம்மாவின் முகம் கண்முன் வந்தது. 'தலையாட்டிட்டுத்தானே போனீங்க' என்று அந்த அம்மாள் கேட்கக்கூட மாட்டாள், சும்மா பார்ப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று குட்டியக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். கரண்டு வந்துவிடும். மழை வந்துவிடும். ஏதாவது வந்துவிடும்.

வெளியே வெளிச்சம் மங்கியது. மகாராணியின் நாக்கு நாவற்பழ நிறத்துக்கு மாறியிருந்தது.

அப்போதுதான் டாக்டரம்மாவை அழைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டது.

"குட்டியக்காவா? அது மகாராணியா? எதுவும் சொல்ல வேண்டாம். தூக்கிட்டு வாங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

"டாக்டரம்மா, நான் வந்து..."

"திட்ட மாட்டேன். தூக்குங்க."

அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் பயந்தது இதற்குத்தானா? குட்டியக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பெட்டி விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மகாராணிக்கு அடியில் கொடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தூக்கினாள்.

மகாராணி ஒருமுறை முக்கினாள்.

குட்டி வந்துவிட்டது. சப்பை மூஞ்சிக் குட்டியின் பெரிய தலை அப்படிச் சுலபமாக வராது. வந்ததே இல்லை. இது சோப்பு நழுவுவது போல் வழுக்கிக்கொண்டு துணியில் விழுந்தது.

மரக்கரண்டி தரையில் விழுந்தது.

விசில் வரவில்லை. அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"ராணி."

மூலையில் ரம்பமும் நின்றது. ஜமீன் அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. வாயும்.

சுவரில் சத்தமில்லை. கூரையில் இல்லை. வீடு முழுக்க எதுவும் மூச்சு விடவில்லை. பிறகு துணிக்குள்ளிருந்து அது கேட்டது. சின்னது. ஈரமானது.

"குட்டியக்கா? கிளம்பிட்டீங்களா?" என்றது போன். "குட்டி வந்துடுச்சா? சத்தம் கேக்குதே. பயப்படாதீங்க. முதல்ல மூக்கைத் துடைச்சு விடுங்க."

அவள் துணியோடு சேர்த்து அதை எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. சன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மூக்கையும் வாயையும் நல்லாத் துடைங்க. காற்று போகணும்."

துடைத்தாள். மறுபடி துடைத்தாள். துடைக்க எதுவும் இல்லை. நெற்றி வழுவழுவென்று இறங்கி, எங்கும் நிற்காமல், எங்கும் திறக்காமல், மோவாய் வரை போனது.

"மூக்கு, குட்டியக்கா. மூக்கு."

அவள் நினைக்கவில்லை, கட்டைவிரல் தானாகப் போனது. பழகிய விரல். நெற்றியிலிருந்து கீழே படுத்தது. எங்கும் இடறவில்லை. அவளுக்கென்றே எடுத்த அளவு போல், கன கச்சிதமாகப் படிந்தது.

முகம் முழுதாக விழுந்திருந்தது.

விரலைப் பிடுங்கிக்கொண்டாள். குட்டியின் அந்த மெல்லிய ஈரத் தோலில், விரல் ரேகை போல் வளையம் வளையமாகக் கோடுகள் ஓடின. அவற்றுக்குக் குறுக்கே சாய்வாக, பழைய வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது.

குட்டி தலையைத் தூக்கியது. அப்படியும் இப்படியும் துழாவி, அவளுடைய கட்டைவிரலைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் தன் முகத்தைப் பொருத்திக்கொண்டு, நிம்மதியாகக் குறட்டை விடத் தொடங்கியது.