மூன்றாவது கட்டத்தில் நிற்கும் கப்பல்

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று இதன் மூலம் சத்தியம் செய்யப்படுகிறது. காற்று அடித்தது என்று எழுதியிருந்தால் காற்று அடித்தது. அதில் துண்டு பறிகொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், போய் விசாரிக்கலாம்.

2006, ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. மாலை 4.10. அதிராம்பட்டினம்.

ஜன்னத் பீவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த கேசட்டை எடுத்து டேப்பில் போட்டார். வெறும் இரைச்சல் வந்தது. ஒரு நிமிடம் பொறுத்தார். அப்போதும் இரைச்சல்தான். பதின்மூன்று வருஷமாக அந்தக் கேசட்டில் இருந்த அவருடைய கணவர் ஜெக்கரியாவின் குரலைக் காணவில்லை.

ஜெக்கரியா ஷார்ஜாவில் தையல்காரராக இருந்தவர். 1993இல், ஆறு வயது மகள் இர்ஃபானாவுக்காக ஒரு தாலாட்டை வார்த்தையில்லாமல் முனகி, கேசட்டில் பதிந்து அனுப்பினார். மறு வருஷம் அங்கேயே காலமானார். இர்ஃபானாவுக்கு வாப்பா என்றால் அந்தக் குரல்தான். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். அன்று கேசட்டை அவள் கையில் கொடுப்பதாக உம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

பெட்டிக்கு ஒரே சாவி. அது ஜன்னத் பீவியின் இடுப்பில்.

குரல் பெட்டியில் இல்லை என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் பரவாயில்லை. அது கடைத்தெருவில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், மாமா மகன் ஜாஹித்தின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன இர்ஃபானா, அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டிலிருந்து வாப்பா முனகுவதைக் கேட்டாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அதனால்தான் பெட்டி திறக்கப்பட்டது.

மாலை 5.15. ரெத்தினம் வரவழைக்கப்பட்டார்.

ரெத்தினம் பட்டுக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, 1989இல் வீட்டுக்கு வந்தவர். மணி அடிக்கிற தோரணையை வைத்தே வருவது கல்யாணச் சேதியா சாவுச் சேதியா என்று சொல்லிவிடுவார். காணாமல் போன ஆட்டை டிரங்க் கால் போட்டே கண்டுபிடித்த வரலாறு அவருக்கு உண்டு. ஆடுதான் மறுமுனையில் பேசியது என்பார்கள். அது மிகைப்படுத்தல். ஆடு இருமியது, அவ்வளவுதான்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கம்மா," என்று ஜன்னத் பீவியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொய் சொல்கிறவர்களின் உதடு தனியாக வேலை செய்யும் என்பது அவர் கட்சி. "சாவிய யார்கிட்டயாவது கொடுத்தீங்களா?"

"குளிக்கிறப்பகூட இடுப்புலதான் இருக்கும் அண்ணே."

"கேசட்ட கடைசியா எப்ப கேட்டீங்க?"

"இவளுக்குப் பத்து வயசுல. தேஞ்சிடும்னு அதுக்கப்புறம் பூட்டி வச்சிட்டேன்."

"பிறகு வெளிய எடுக்கவே இல்லையா?"

ஜன்னத் பீவி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "இவ பத்தாவது பாஸ் பண்ணின அன்னைக்கு ஒரு தரம். கேக்கல. சும்மா எடுத்தேன்."

"ஷார்ஜாவுலேர்ந்து யார் கொண்டாந்தது?"

"மீரா உசேன் காக்கா, எனக்கு அண்ணன் மொறை. அங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்பு. லீவுல வியாழக்கிழமை வந்தவர் ஞாயித்துக்கிழமைதான் கொடுத்தார். நாலு வீடு தள்ளித்தான் இருக்கார். மூணு நாளும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"வேற என்னென்ன கொண்டாந்தார்?"

"எல்லாரும் கொண்டாறதுதான். கம்பளி, தைலம், ரெண்டு கேசட் போடுற பெரிய டேப்பு."

ரெத்தினம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரங்களிலும் சின்னத் தகடு இருக்கும். உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எதையும் பதிய முடியாது. ஜெக்கரியா இறந்த சேதி வந்ததும், யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாதென்று ஜன்னத் பீவியின் அண்ணன் இரண்டையும் உடைத்திருந்தார். ஒரு பள்ளம் திறந்து கிடந்தது. இன்னொன்றின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்பக்கம் முழுவதையும் ஓடவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். பிறகு, "நாளைக்கு சென்டருக்குப் போவோம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை. காலை 10.30.

விளையாட்டில் சோழர் காலத்து வணிகன் ஒருவன் நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குக் கப்பல் ஓட்டவேண்டும். மூன்றாவது கட்டத்தில் துறைமுகம், அந்தி நேரம். காற்று திரும்பும்வரை கப்பல் காத்திருக்கும்போது, அலைக்குப் பின்னாலிருந்து அந்த முனகல் வரும். முதலிரண்டு கட்டங்களின் முரசும் கொம்பும் யாருக்கும் நினைவில் நிற்காது. இதற்கு மட்டும் ஆறு கம்ப்யூட்டரில் இருப்பவர்களும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

ரெத்தினம் உள்ளங்கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். வாசலில், மழைத்துளியே காணாத ஆகஸ்ட் வெயிலில், கழுத்தில் மப்ளர் சுற்றிய மீரா உசேன் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். தொண்டை சரியில்லை என்று பல வருஷமாக அவர் மப்ளரைக் கழற்றுவதில்லை.

"இந்த சிடி யார் கொடுத்தது, ஜாஹித்?"

"மீரா உசேன் மாமா. அவங்க மகன் லியாகத் அலி கோலாலம்பூர்ல இதைப் பண்ணின கம்பெனியிலதான் வேலை பாக்குறான்."

"யாராவது கடாரம் போய்ச் சேந்தாங்களா?"

ஜாஹித் தலையைச் சொறிந்தான். "ஒருத்தரும் துறைமுகத்தத் தாண்டல. எல்லாரும் பாட்டு கேட்டுக்கிட்டு அங்கயே நின்னுடுறானுங்க."

"நீ போ."

"ரெண்டு நாள் ஆயிடும் மாமா."

"சோழ ராஜாவுக்கு எவ்வளவு ஆச்சுன்னு நெனச்சே? உக்காரு."

புதன்கிழமை. மாலை 5.05. ஜாஹித் கடாரம் சேர்ந்தான். திரையில் பெயர்கள் மேலேறின. ரெத்தினம் ஒரு பெயரைப் படித்துவிட்டு எழுந்தார்.

மாலை 5.40. ஜன்னத் பீவியின் வீடு. மீரா உசேனும் ஜாஹித்தும் அழைக்கப்பட்டிருந்தார்கள்.

"குரல எடுத்தது ஒருத்தர். அழிச்சது இன்னொருத்தர்," என்றார் ரெத்தினம். "எடுத்தது மொதல்ல. பாய், அந்த மூணு நாள்ல உங்க பெரிய டேப்புல ஒரு காப்பி போட்டீங்க. விளையாட்டோட கடைசியில, தாலாட்டுப் பாடியவர்னு உங்க பேர் வருது."

மீரா உசேன் மப்ளரைக் கழற்றினார்.

"எனக்குப் பாட வராது," என்றார். "லியாகத்துக்கு அப்ப பத்து வயசு. நான் திரும்பப் போறப்ப ஏர்போர்ட்ல காலக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்குறான். இந்தா, வாப்பா பாடினதுன்னு கொடுத்துட்டேன். அப்புறம் லீவுக்கு வரும்போதெல்லாம் பாடச் சொல்லுவான். தொண்டை கட்டிருக்குன்னு சொல்லிச் சொல்லியே பதிமூணு வருஷம். இப்ப என்னைச் சந்தோஷப்படுத்துறதா நெனச்சு அத வெளையாட்டுல வச்சிட்டான்."



"அழிச்சது?" என்றாள் இர்ஃபானா.

ரெத்தினம் ஜன்னத் பீவியைப் பார்த்தார். "பத்தாவது பாஸான அன்னைக்கு, அவருக்குப் பதில் பேசலாம்னு உக்காந்தீங்க. இல்லையாம்மா?"

ஷார்ஜாவுக்கு ஆள் போன வீடுகளில் அப்படித்தான். முன்பக்கம் கணவர் பேசி வரும், பின்பக்கம் மனைவி பேசிப் போகும். கடல் தாண்டிய குடும்பம் அந்தக் கேசட்டுக்குள்தான் நடந்தது.

"சேதிய அவர்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு," என்றார் ஜன்னத் பீவி. "பிளாஸ்திரி ஒட்டி, பின்பக்கத்தப் போட்டேன். ரெக்கார்டு பட்டன் அமுங்கல. திருப்பிப் போட்டேன், அமுங்குச்சு. அதுதான் பின்பக்கம் போலன்னு..." நிறுத்தினார். "நாந்தானா அண்ணே?"

"பிளாஸ்திரிய முன்பக்கத்துப் பள்ளத்துல ஒட்டிட்டீங்க. அதான் அந்தப் பக்கம் மட்டும் அமுங்குச்சு."

"ஒரு வார்த்தைகூட வரல. டேப்பு நிக்கிறவரைக்கும் உக்காந்திருந்தேன். அதுக்கா அவர் குரலக் கொடுத்தேன்?"

"இந்தக் கேசட் காலியா இல்லம்மா. காலின்னா ஒரே இரைச்சலா இருக்கும். இதுல ஃபேன் சுத்துது. நடுவுல ரெண்டு தரம் வளையல் சத்தம். கடைசியில ஒரு மூச்சு."

இர்ஃபானா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். நெடுநேரம் கேட்டாள். கேட்டபடியே உம்மாவின் கையைப் பிடித்து அந்த வளையலைத் தடவினாள்.

"லியாகத்துக்கு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிடறேன்," என்றார் மீரா உசேன். எழுந்து போய் ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"வேணாம் மாமா. லியாகத் காக்காவுக்கும் அது வாப்பா குரல்தான். இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்துடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாள் கழிச்சு இல்ல. இன்னைக்கே."

"இந்தப் பழசு?" என்று ஜாஹித் கேசட்டை எடுத்தான்.

"வை அதை. அதுல உம்மா இருக்காங்க."

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவந்தார். ஆகவே கேசட்டுகள் இரண்டும் ஊர்விட்டு எங்கும் போகவில்லை. வாப்பாவின் முனகலும் உம்மாவின் மௌனமும் பக்கத்துப் பக்கத்தில் இர்ஃபானாவின் அலமாரியில் இருக்கின்றன, பூட்டில்லாமல்.

1989இல் ரெத்தினத்தை எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது, இரண்டு காதும் அறவே கேட்காமல் போனதால்.