மூன்றாவது முள்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில், ஒரு மூச்சு விடும் நேரம், ஒலிபரப்பில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் மேசைமேல் சத்தத்தை அளந்து காட்டுகிற மூன்று முட்களும் படுத்துவிட வேண்டும். இடது காதுக்குப் போகிற சத்தத்துக்கு ஒரு முள், வலது காதுக்கு ஒரு முள், இரண்டையும் கூட்டினால் எவ்வளவு என்று காட்ட மூன்றாவது முள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு இடது படுத்தது, வலது படுத்தது. மூன்றாவது மட்டும் இரண்டு தடவை துள்ளிவிட்டுப் படுத்தது.

பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் கூட்டினால் பூஜ்யம்தான். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. மேசைமுன் இருந்த அவளிடம், அந்த ரேடியோ நிலையத்தின் இன்ஜினியரிடம், பட்டமும் இருந்தது. அவள் வம்சத்திலேயே முதல் பட்டம். அதை வாங்கப் போன அன்று வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியை அப்பா மூன்று தடவை இஸ்திரி போட்டார், யாரும் அதைத் தொடக் கூடாது என்று கதவில் மாட்டிவிட்டு நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

முள் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே மூக்கைச் சுளித்தாள். ஜன்னலே இல்லாத அந்த அறையில், சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டைகளுக்கும் பழைய தரைவிரிப்புக்கும் குளிர்சாதனம் துப்புகிற பூஞ்சைக் காற்றுக்கும் நடுவே, மெல்லிசாக, வேறு ஒரு வாசனை வந்தது. நனைந்த துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஏறும்போது எழுகிற ஆவி வாசனை. பிறந்த நாளிலிருந்து அவள் மூக்குக்குப் பழகியது. நாற்பத்தோரு நாளாக எங்கும் வராதது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் அறையில் சர்க்கரை உட்கார்ந்திருந்தாள். குரல் அப்படி என்பதால் நேயர்கள் வைத்த பெயர். மைக்கை மூடினால் மிளகாய்.

"அக்கா, இப்ப உங்க மைக் திறந்திருந்துச்சா?"

"வாய் நிறைய பிஸ்கட் வெச்சிருக்கேன். நான் மெல்லுறதை ஊருக்கே ஒலிபரப்பவா? ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"நாளைக்கு விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு நாலு மணிக்கு, அணையைத் திறந்துட்டாங்க, கால்வாய் ஓரத்துல இருக்கவங்க மேட்டுக்குப் போங்கன்னு மூணு தடவை வாசிச்சேன். தொண்டை கிழிய வாசிச்சேன். ரேடியோவுல ஒண்ணுமே வரலைன்னு கூசாம சொல்றாங்களே, அந்த நாக்கு அழுகாதா?" என்றவள் சட்டென்று பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "ஐயோ... உங்கம்மாவைச் சொல்லலைடி. மத்தவங்களைச் சொன்னேன்."

மற்றவர்கள் என்று அங்கே யார் மிச்சம்? வெள்ளத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் அவள் அப்பா. பிழைத்தவர்களில் அம்மா ஒருத்திதான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: ரேடியோ வாயைத் திறக்கவில்லை. நிலையத்தின் பதிவு நாடாவில் சர்க்கரையின் குரல் கணீரென்று இருந்தது. பெரிய ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவே கால்வாய் ஓரத்து ஜனங்கள் தூங்கியிருப்பார்கள், குடித்திருப்பார்கள், அலட்சியமாக இருந்திருப்பார்கள். விசாரணை முடிந்து வரப்போகிற அறிக்கையில் இதுதான் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு மட்டும் வேறு ஒன்று தெரியும்.

அன்று காலை இடது பக்க ஒயரை எலி கடித்திருந்தது. அவசர அவசரமாகப் புது ஒயர் செய்தாள். சிவப்பு ஒட்ட வேண்டிய இடத்தில் நீலத்தையும், நீலத்தின் இடத்தில் சிவப்பையும் வைத்துச் சாலிடர் போட்டாள். அவ்வளவுதான். இரண்டு ஸ்பீக்கர் உள்ளவர்களுக்கு இதனால் பெரிய மோசமில்லை. இடதும் வலதும் தனித்தனியாக வரும், சத்தம் கொஞ்சம் பொக்கையாகக் கேட்கும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோ இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் பேசும். ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்தால் கூட்டிப் பார்க்க என்ன இருக்கும்? ஓரத்தில் ஒலிக்கும் மேளம் தப்பிக்கும். நடுவில் நின்று பாடுகிறவர் காணாமல் போவார். நடுவில் உட்கார்ந்து எச்சரிக்கை வாசிப்பவளும்.

கால்வாய் ஓரத்தில் எல்லா வீட்டிலும் ஒற்றை ஸ்பீக்கர்தான். வெள்ள எச்சரிக்கை கேட்க என்று நகராட்சி இலவசமாகக் கொடுத்தது. இலவசத்துக்கு ஒரு ஸ்பீக்கர் போதாதா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. 'மோனோ' என்று எழுதியிருக்கும். வேலை முடித்து எழும்முன் ஒருமுறை அமுக்கிக் கேட்க வேண்டும், ஐந்து விநாடி வேலை. அவள் அமுக்கவில்லை. ஹெட்போனில் சத்தம் பொக்கையாகத்தான் இருந்தது, நடுமண்டை காலியாகத்தான் இருந்தது, கேட்டாள், பரவாயில்லை என்று எழுந்தாள்.

அதையாவது மறதி என்று சொல்லலாம். பத்தரை மணிக்கு அப்பா போன் செய்தாரே, அதை என்னவென்று சொல்வது?

"இன்னைக்கு ஒரு மாதிரி கேக்குதும்மா. மேளம் வருது, பாடுறவரைக் காணோம்."

"அப்பா, வேலை நேரத்துல போன் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க நல்லாத்தான் கேக்குது. அது ஓசி ரேடியோ, அப்படித்தான் இருக்கும்."

"இல்லம்மா, நேத்து நல்லா..."

"தலையில ரெண்டு தட்டு தட்டுங்க. சரியாயிடும்."

சரிம்மா என்றார். மகள் இன்ஜினியர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இஸ்திரி போட்டுப் போட்டுக் காய்த்துப்போன விரல் முட்டியால் தட்டியிருப்பார். பன்னிரண்டு மணிக்குச் செல்போன் கோபுரங்கள் விழுந்தன. நாலு மணிக்கும் தட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

ஆறு மணிக்குச் செய்தி வந்தபோது அவள் முதலில் கால்வாய்க்கு ஓடவில்லை. முதலில் ஒயரை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் ஒட்டினாள். கை நடுங்காமல் ஒட்டினாள். பிறகுதான் ஓடினாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள். இப்போது அவள் வாடகை அறையில்தான் அம்மா இருக்கிறாள்.

"ஏன்டி, ஒரு விசேஷம் தெரியுமா? அப்பாவோட ரேடியோ பாடுது."

"எந்த ரேடியோ?"

"எந்த ரேடியோன்னா? சேத்துலேருந்து எடுத்து வந்தேனே. ஈரம் காஞ்சிடுச்சு போல. உன் ஸ்டேஷன்தான், நல்லா பாடுது."

அந்த ரேடியோவை அவளே திறந்து பார்த்திருந்தாள். உள்ளே சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. பேட்டரியையும் கழற்றி எறிந்திருந்தாள்.

"அம்மா... பேட்டரி யாரு போட்டா?"

"நான் எதுக்குப் போடணும்? அதுவா பாடுது. அதை விடு. நாளைக்கு என்கூட விசாரணைக்கு வருவியா, மாட்டியா? நீ படிச்சவ. எங்கம்மா தூங்கலைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க."

"பார்க்கலாம்மா."

"நீயாவது நம்புறியாடி?"

விளம்பரம் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மேசையில் மேனேஜர் விட்டுப்போன தாள் கிடந்தது. 'அன்றைய ஒலிபரப்பில் தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. "ஒரு கையெழுத்துதானேம்மா, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போட்டு வெச்சிடு. ஒத்தை ஸ்பீக்கர்ல இந்தக் காலத்துல யாரு கேக்குறா?" என்றிருந்தார். அந்த ஆளுக்கு எதுவும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னார். கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. யார் கன்னத்தில் என்பதுதான் தெரியவில்லை.

நாலு மணிக்குச் சர்க்கரை குடையை உதறிக்கொண்டு கிளம்பினாள். "ஆறு மணி வரைக்கும் பதிவு செஞ்ச நிகழ்ச்சிதான். தூங்கிடாதே" என்றாள். கதவின் ரப்பர் விளிம்பு உறிஞ்சி மூடிக்கொண்டது. வெளியே மழை என்பதை இனி நம்பத்தான் முடியும், கேட்க முடியாது.

பாட்டு ஓடியது. இடது ஆடியது, வலது ஆடியது. மூன்றாவது முள் அவற்றோடு ஆடவில்லை. படுத்துக் கிடந்தது. எப்போதாவது, தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல், இரண்டு துள்ளல்.

மேசையடியில் புகுந்து ஒயரைப் பார்த்தாள். சிவப்போடு சிவப்பு. நீலத்தோடு நீலம். சரியாக இருந்தது. விரலை எடுத்தபோது ஈரமாக இருந்தது. முகர்ந்தாள். சேறு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாற்பத்தோரு நாளாகத் தொடாத பொத்தானை அமுக்கினாள்.

இரண்டு காதுக்கும் வெளியே விரிந்து கிடந்த பாட்டு சுருங்கி, நகர்ந்து, உள்ளே வந்தது. மோனோ அப்படித்தான். ஹெட்போனில் அது காதில் கேட்காது, மண்டைக்கு நடுவில் கேட்கும், யாரோ உள்ளே உட்கார்ந்து வாசிப்பதைப் போல. மேளம் இருந்தது. பாடுகிறவர் இல்லை. அவர் இருந்த இடத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் மெதுவாக, மிக மெதுவாக, தண்ணீர் நிரம்புகிற சத்தம்.

டொக் டொக்.

மூச்சு. வயதான மூச்சு. குனிந்து கேட்கிறவரின் மூச்சு.

பொத்தானை விட்டாள். பாட்டு முழுசாக இருந்தது, பாடுகிறவர் உருகிக்கொண்டிருந்தார். அமுக்கினாள். தண்ணீர். முன்பைவிட மேலே.

டொக் டொக்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது தரையில் கிடந்து மேளம் கொட்டியது. தட்டுகிற சத்தம் மட்டும் அதோடு போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு காதுக்கும் நடுவில்.

"அப்பா" என்றாள். "சொல்லிடுறேன்ப்பா. சொல்லிடுறேன்."

தாளை இரண்டாகக் கிழித்தாள். அறிவிப்பாளர் அறைக்குள் போனாள். சர்க்கரையின் நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. பாட்டை இறக்கினாள். மைக்கைத் திறந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் இந்த ஸ்டேஷனோட இன்ஜினியர் பேசுறேன். அன்னைக்குக் கால்வாய் ஓரத்துல யாரும் தூங்கல. யாரும் குடிக்கல. ஒயரை மாத்தி ஒட்டினது நான். ஒத்தை ஸ்பீக்கர்ல பேச்சு வராம போனதுக்கு நான்தான் காரணம். எங்கப்பா போன் பண்ணிச் சொன்னாரு. நான் கேக்கல. எங்கம்மா சொல்றது உண்மை."

ஒரே மூச்சில் சொன்னாள். அழவில்லை. நிமிர்ந்து கண்ணாடி வழியே முட்களைப் பார்த்தாள்.

இடது உயர்ந்திருந்தது. வலது உயர்ந்திருந்தது.

மூன்றாவது படுத்துக் கிடந்தது.

"நான்தான்" என்றாள். கத்தினாள். "நான்தான்!" இடது. வலது. நடுவில் ஒன்றுமில்லை.

போன் விளக்கு மினுக்கியது. எடுத்தாள். அம்மா.

"ஏன்டி, பாட்டு பட்டுனு நின்னுபோச்சு? வெறும் இரைச்சலா வருது."

"அம்மா, நான் பேசினேன்மா. இப்பதான் எல்லாத்தையும்..."

"ஹலோ?"

"அம்மா!"

"ஹலோ... இருக்கியாடி? மூச்சுகூட வரலையே."

போனுக்கும் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய் அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. அவள் குரல் அவள் இடது காதில் இருந்தது. வலது காதில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"லைன்ல அவ சத்தமே வரலைங்க" என்று அம்மா போனிலிருந்து முகத்தைத் திருப்பி யாரிடமோ சொன்னாள். அறையில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. பிறகு அம்மா திரும்பி வந்தாள், குரலில் நாற்பத்தோரு நாளாக இல்லாத ஒரு நிம்மதி.

"கவலைப்படாதடி. உங்கப்பா வர்றாராம். தட்டிப் பாத்தா சரியாயிடுமாம்."

ஈரத்துணி வாசனை. பின்னால். மிக அருகில்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது முள் மெல்ல எழுந்து நின்றது.

காய்த்துப்போன, சூடான, ஈரமான விரல் முட்டி ஒன்று அவள் உச்சந்தலையில் தட்டியது.

இரண்டு தட்டு.