கல்ஃபாவுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

நான் இளவரசனாக இருந்தது ஒன்பது வயது வரைக்கும்தான். அதற்குப் பிறகு, நாட்டுக்கு இனி இளவரசர்களே வேண்டாம் என்று துருக்கியின் புதிய தலைநகரான அங்காராவில் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் மூன்று நாளில் கிளம்பிவிட வேண்டும், திரும்பி வரவே கூடாது என்று உத்தரவு வந்தது.

மூன்றாம் நாள் காலைக்குள் வேலைக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா, அம்மா, நான், என்னைத் தூக்கி வளர்த்த துர்தானே கல்ஃபா, இவ்வளவு பேர்தான் மிச்சம். அரண்மனையின் மூத்த பணிப்பெண்ணைக் கல்ஃபா என்போம். கல்ஃபாவுக்கு எங்களோடு வர அனுமதி கிடைக்கவில்லை. அதாபஜார் என்ற ஊரில் இருக்கும் தங்கை மகள் வீட்டுக்குப் போகவேண்டும்.

அவள் கூடத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிரிவது மட்டும் காரணம் இல்லை. எங்கள் ஊரில் யாராவது பயணம் கிளம்பினால், வீட்டில் தங்குகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் ஓடுவதுபோல் சுகமாகப் போய், சுகமாகத் திரும்பி வருவார்கள் என்று நம்பிக்கை. இன்றோ எல்லோருமே போகிறோம், வீட்டுக்குச் சீல் வைக்கப் போகிறார்கள். யார் ஊற்றுவது?

“போறவங்களே ஊத்தினா பலிக்காதுடா, சிங்கக்குட்டி. தங்குறவங்க கையால ஊத்தணும். இந்த வாசலை நான் இனிமே பார்க்கவே மாட்டேன்,” என்றாள் கல்ஃபா.

இங்கே தங்கப்போகிறவர் யாராவது உண்டா என்று யோசித்தேன். ஒருவர் இருந்தார். சீல் வைக்க வந்து வாசலில் நின்ற போலீஸ்காரர் ரெம்சி.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கதவு மூடியிருந்தது. திறக்கட்டும் என்று நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, கதவு தானாகத் திறக்காது, இத்தனை நாளும் யாரோ எனக்காகத் திறந்திருக்கிறார்கள் என்று. நானே தள்ளினேன். செம்பை நிரப்பி, பாதியை என் பூட்ஸில் ஊற்றிக்கொண்டு, மீதியோடு வாசலுக்கு வந்தேன்.

என்னைப் பார்த்ததும் ரெம்சி கனைத்தார். போன வாரம் வரை ‘இளவரசே’ என்று குனிந்தவர். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, பாவம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார்.

“நீங்க திரும்பி வராம பார்த்துக்கத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க. நானே தண்ணி ஊத்தினேன்னு தெரிஞ்சா வேலை போயிடும், தம்பி.”

விடாமல் கெஞ்சினேன். அவர் கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன். ஆனால் அவர் பயந்து பயந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டேன். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள் அல்லவா?

பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். “கல்ஃபாவும் திரும்பி வரக்கூடாதுன்னு உத்தரவு இருக்கா?”

ரெம்சி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். “அவங்க பேரு இதுல இல்லையே.”

“அப்போ எங்களுக்கு வேணாம். அவங்களுக்கு மட்டும் ஊத்துங்க.”

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். செம்பை வாங்கிக்கொண்டார்.

கல்ஃபா என் நெற்றியில் முத்தமிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தாள். சளக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். நனைந்த கற்களையும் போலீஸ்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

எங்கள் வண்டி எதிர்ப்பக்கமாகக் கிளம்பியது. நமக்கும் ஊற்றச் சொல்லியிருக்கலாமே என்றாள் அம்மா. கேட்டேன், முடியாதாம் என்றேன். அம்மா என்னைத் தன் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் தெரு காய்ந்துதான் கிடந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் அந்த வாசலுக்கு எங்களில் ஒருத்தியாவது திரும்பி வருவாள்.