ஆத்தங்கரை டிவிஷனில் இருவர்

மக்கள் கணக்கெடுக்க நான் ஆத்தங்கரை டிவிஷனுக்குப் போனபோது மத்தியானம் மூன்று மணி. உலு திராம் பட்டணம் தாண்டி, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே நீண்ட மண்சாலை. அதன் முடிவில் ஆறு. ஆற்றோரம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள், இடிந்து கிடந்தன. ஒரே ஒரு வீட்டில்தான் துணி காய்ந்தது.

என்னிடமிருந்த பழைய பட்டியலில், 1970இல் இங்கே முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு தொண்ணூறு. பிள்ளைகள் சிங்கப்பூர் வேலைக்குப் போனதும் பதினொன்று. பத்து வருஷத்துக்கு முன் நடந்த போன கணக்கெடுப்பில் ஒன்று. ஓர் ஊர் இப்படியா கரையும் என்று மனம் கனத்தது.

அந்த ஒருவர் காளியப்பன். எழுபது வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு சார். நானும் என் சம்சாரம் பிரேமலாவும்."

எங்கே அவர் என்றதற்கு அடுப்படியைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும் குப்பென்று வந்தது.

அப்புறம் அவரே சொன்னார். போன கணக்கெடுப்பு நடந்த காலையில் வீட்டில் சண்டை. கூலாய் பட்டணத்தில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்றாராம் பிரேமலா. ஊரை விட்டு வரமாட்டேன் என்றாராம் இவர். அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுக்க ஆள் வரவே, அடுப்படிக்குக் கேட்கட்டும் என்று வீம்புக்கு உரக்கச் சொல்லியிருக்கிறார்: இந்த வீட்டில் நான் மட்டும்தான். வந்தவர் ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் பிரேமலாவைக் காணவில்லை. ஆற்றங்கரையில் செருப்பு மட்டும் கிடந்தது.

"கோவத்துல சொல்லிட்டேன் சார். அவ எங்கயும் போகல, இங்கதான் இருக்கா. ரெண்டுன்னு எழுதுங்க."

நாற்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். பிடித்தால் உடும்புப் பிடி. இறந்தவரை எழுத முடியாது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் கைகூப்பினார்.

அடுப்படியில் யாரோ தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"விடுங்க," என்றது ஒரு பெண் குரல், மெதுவாக. "ஒன்னுன்னே எழுதிட்டுப் போகட்டும்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காளியப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டு என்று பதிந்தேன். காருக்குள் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், அன்று எனக்கு வழிகாட்டிய செம்பனைத் தோட்டத்து மண்டோர், கங்காணி மூர்த்தி போன் செய்தார். காளியப்பன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். மகள் வந்து அடக்கம் செய்தார்; நானும் ஒரு பிடி மண் போட்டேன். மூர்த்தி வீட்டைப் பூட்டினார். முறைப்படி நான் எண்ணிக்கையை மாற்றியிருக்க வேண்டும். மனம் வரவில்லை; அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் என் மேற்பார்வையாளர் ஷர்மினி அழைத்தாள். அங்கங்கே ஒரு வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பது அவள் வேலை. சாவு விஷயம் அவளுக்குத் தெரியாது.

"ஆத்தங்கரை டிவிஷன் போனேன் அங்கிள். உங்க கணக்கு சரிதான், ரெண்டு பேர். அந்தம்மாதான் கதவைத் தொறந்தாங்க."

காளியப்பன் எங்கே என்று கேட்டேன்.

"உள்ள படுத்திருந்தாரு லா. எழுப்ப வேணாம்னுட்டாங்க. பத்து வருஷமா தூக்கமே இல்லையாம், இப்பத்தான் நல்லா தூங்குறாராம்."